நாற்காலியில் எது உண்மையான கண்டுபிடிப்பு?

ஐயாயிரம் வருஷமாக நாற்காலி செய்கிறோம், உட்காருகிற உடம்பும் மாறவில்லை, பிறகு ஏன் வடிவமைப்பாளர்கள் இன்னும் புதுப்புது நாற்காலிகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறார்கள், அதில் எது நிஜமான கண்டுபிடிப்பு, எது வெறும் ஒப்பனை, நாமே ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு மூட்டுகளைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். கால் இருக்கையோடு சேரும் இடம், முதுகுச் சட்டம் இருக்கையோடு சேரும் இடம். அங்கே யாராவது புதிதாக யோசித்திருந்தால் அது கண்டுபிடிப்பு. அங்கே பழைய வேலையே இருந்தால், மேலே எவ்வளவு வளைத்திருந்தாலும் அது அழகான நாற்காலி, அவ்வளவுதான்.

மூட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், நாற்காலி உடைவது பெரும்பாலும் அங்கேதான். மேசை சும்மா நின்று பாரத்தைத் தாங்கினால் போதும். நாற்காலியில் உட்காருகிறவர் அசைவார், பின்னால் சாய்வார், முன்கால் இரண்டையும் தூக்கிப் பின்காலில் ஆடுவார். அவர் சாயும் ஒவ்வொரு முறையும் முதுகுச் சட்டம் முழுவதும் ஒரு நெம்புகோலாகி, பின்கால் இருக்கையைச் சந்திக்கும் அந்தச் சின்ன இடத்தை நெம்புகிறது. இதற்கு மேல் மரத்துக்கே ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் நாருக்குக் குறுக்கே விரியும், குறைந்தால் சுருங்கும், நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. ஒரு கட்டையின் நுனியை முளையாகச் செதுக்கி இன்னொரு கட்டையின் துளைக்குள் செருகினால், இரண்டின் நாரும் வெவ்வேறு திசையில் ஓடும், வெவ்வேறு திசையில் விரியும், பருவத்துக்குப் பருவம் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும், கடைசியில் பசை விட்டுவிடும். பழைய நாற்காலிகளைப் பழுதுபார்க்கிறவர்கள் கையில் வருவதில் பெரும்பாலானவை இந்த ஒரே நோயோடுதான் வருகின்றன.

இதை வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் எகிப்தியர்கள். அவர்களுடைய சிங்கக்கால் சிம்மாசனங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், துட்டன்காமனின் கல்லறையில் 1922இல் கிடைத்த தங்கச் சிம்மாசனம் உட்பட. தங்கத்தை மறந்துவிட்டு எகிப்திய நாற்காலிகளைப் பக்கவாட்டில் பாருங்கள். பலவற்றில் சாய்ந்த முதுகுப் பலகைக்குப் பின்னால் நேராக நிற்கும் இன்னொரு தாங்கல் இருக்கும். இருக்கை, சாய்ந்த முதுகு, பின் தாங்கல் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். முக்கோணம் கோணாது, ஆகவே மூட்டின் மேல் நெம்பு விசை குறைகிறது. மூலைகளில் வைக்கும் தாங்குகட்டைகளையும் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையிலிருந்து எடுத்தார்கள். வளைவோடு நாரும் வளைந்து ஓடுவதால் அது பிளவுபடாது.

அதே எகிப்தில்தான் மடக்கு முக்காலியும் இருந்தது. இரண்டு சட்டங்கள் கத்தரிபோல் குறுக்கே சேர்ந்து, நடுவில் ஒரு ஆணி, மேலே தோல். இங்கே மூட்டு விறைப்பாக இருக்க வேண்டியதே இல்லை, அசையத்தான் வேண்டும், உட்காருகிறவரின் எடை தோலை இழுத்து மொத்தத்தையும் நிறுத்துகிறது. இந்த யோசனை போன தூரம் என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிறது. டென்மார்க்கின் குல்ட்ஹோய் என்ற புதைமேட்டில், கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓக் மரச் சவப்பெட்டிக்குள் இதே அமைப்பில் ஒரு மடக்கு முக்காலி கிடைத்தது. ரோமில் உயர் அதிகாரிகளின் ஆசனம் இதுதான். பாயில் உட்கார்ந்து பழகிய சீனாவுக்குள் கி.பி. முதல் நூற்றாண்டுகளில் வெளியிலிருந்து நுழைந்ததும் இந்த மடக்கு முக்காலிதான். 1930களில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் மடக்கிக் காரில் வைக்கக்கூடிய சக்கர நாற்காலியைச் செய்தபோது, இருக்கைக்கு அடியில் போட்டது அதே குறுக்குக் கத்தரிச் சட்டம். எவரெஸ்ட் சுரங்க விபத்தில் நடக்க முடியாமல் போனவர், தனக்காகத் தொடங்கிய வேலை அது.

கிரேக்கர்களின் கிளிஸ்மோஸ் நாற்காலியைப் பற்றிக் கட்டாயம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வாள்போல் வெளிப்பக்கம் வளைந்த நான்கு கால்கள், தோளைத் தழுவும் முதுகுப் பலகை. ஏதென்ஸின் ஹெகெசோ நடுகல்லில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியது, அதை மிகத் தெளிவாகக் காணலாம். ஆனால் உண்மையான கிளிஸ்மோஸ் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை, சிற்பத்திலும் பானை ஓவியத்திலும் மட்டும்தான் இருக்கிறது. அவ்வளவு வளைந்த காலை நேரான பலகையிலிருந்து அறுத்தெடுத்தால் நார் குறுக்கே அறுபட்டு, எடை ஏறியதும் கால் முறியும். மரத்தை வளைத்தார்களா, வளைந்த கிளையைத் தேடி எடுத்தார்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பா இந்த வடிவத்தின் மேல் பைத்தியமாகி ஏராளமாகச் செய்தது. கோடு மட்டும் வந்தது, வேலை வரவில்லை. அதனால்தான் அதை ஒப்பனைக் கணக்கில் வைக்கிறேன்.

சீனா வேறு கதை. நாற்காலிப் பழக்கம் சோங் காலத்தில்தான் (960-1279) அங்கே பரவலானது, மிங் காலத்துக்குள் (1368-1644) மூட்டுவேலை எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. குதிரை லாட வடிவில் கைப்பிடியும் முதுகும் ஒரே வளைவாக ஓடும் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவு ஒரே கட்டை கிடையாது, மூன்று அல்லது ஐந்து துண்டுகள். ஒவ்வொரு துண்டின் நுனியும் அடுத்ததோடு கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும்படி வெட்டி, நடுவில் ஒரு சின்ன ஆப்பைச் செருகினால் இரண்டும் இறுகி நெருங்கும். ஆணி கிடையாது, பசையை நம்பியும் இல்லை, மரம் விரிந்து சுருங்க இடம் இருக்கிறது. பின்கால்களும் இருக்கைச் சட்டத்தில் முடிந்துவிடாமல் அதைத் துளைத்துக்கொண்டு மேலே போய் முதுகுத் தண்டாகின்றன. டென்மார்க்கின் ஹன்ஸ் வெக்னர் இந்த நாற்காலிகளைப் பார்த்துத்தான் 1944இல் தன் 'சீன நாற்காலி'யைத் தொடங்கினார். அந்த வரிசை 1949இல் விஷ்போன் நாற்காலியில் வந்து நின்றது. கிட்டத்தட்ட 120 மீட்டர் காகிதக் கயிற்றைக் கையால் பின்னிய இருக்கை அதற்கு.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பரவிய வின்ட்சர் நாற்காலியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அதுவரை ஐரோப்பிய நாற்காலி என்றால் பின்காலும் முதுகுச் சட்டமும் ஒரே கட்டை, அதில் இருக்கைச் சட்டங்கள் வந்து செருகும். வின்ட்சர் அந்த அமைப்பையே கைவிட்டது. நடுவில் தடியான ஒரு பலகை. கால்கள் கீழேயிருந்து அதில் ஏறும், முதுகுக் குச்சிகள் மேலேயிருந்து அதில் இறங்கும், இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே கிடையாது. சாய்கிறவரின் விசை பத்துப் பதினைந்து மெல்லிய குச்சிகளுக்குப் பங்கிடப்படுவதால் எந்த ஒரு மூட்டும் தனியாக அடி வாங்குவதில்லை.

மரத் தேர்விலும் அதே தெளிவு. இருக்கைக்கு எல்ம், ஏனென்றால் அதன் நார் பின்னிப் பின்னி ஓடுவதால் குழிவாகச் செதுக்கினாலும் துளை மேல் துளை போட்டாலும் பிளக்காது. காலுக்குக் கடைசல் பிடிக்க நன்றாக வரும் பீச். வளைவுக்கு ஆஷ் அல்லது யூ. குச்சிகளை ரம்பத்தால் அறுப்பதைவிடப் பச்சை மரத்தை நாரோடு பிளந்து எடுப்பது நல்லது. அப்போதுதான் நார் நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் இருக்கும், விரல் தடிமன்கூட இல்லாத குச்சி முறியாமல் வளைந்து கொடுக்கும்.

இப்போது மூட்டு. நல்ல தச்சர் குச்சியின் நுனியை அடுப்பருகே வைத்து நன்றாக உலர்த்துவார், அது செருகும் துளை உள்ள மரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம் விட்டுவைப்பார். உலர்ந்த முளை ஈரத் துளைக்குள் போனதும், முளை ஈரத்தை இழுத்துப் பருக்கும், துளையோ உலர்ந்து சுருங்கும். யாரும் தொடாமலே நாளுக்கு நாள் மூட்டு இறுகுகிறது. கால் முளையைப் பலகையின் மேல்முகம் வரை துளைத்துக் கொண்டுவந்து, அதன் தலையில் ஒரு வெட்டுப் போட்டு ஆப்பு அடிப்பார்கள். அந்த ஆப்பு பலகையின் நாருக்குக் குறுக்கே நிற்க வேண்டும். நாரின் திசையில் அடித்தால் முதல் தட்டிலேயே பலகை பிளந்துவிடும். மற்ற எல்லா நாற்காலிகளையும் அவிழ்க்கும் அதே விரிதலும் சுருங்கலும் இங்கே மூட்டைக் கட்டுவதற்கு வேலை செய்கிறது.

அடுத்த பெரிய தாவல் மைக்கேல் தோனெட். ஜெர்மனியின் போப்பார்டில் 1796இல் பிறந்த தச்சர், 1842இல் வியன்னாவுக்குப் போனார். மெல்லிய மரத் தகடுகளைப் பசையில் ஊறவைத்து வளைப்பதில் தொடங்கியவர், ஈரத்தில் பசை விட்டுப்போவதைப் பார்த்து, முழுக் கட்டையையே வளைக்கும் வழிக்கு வந்தார். நீராவியில் வெந்த பீச் மரம் எக்கச்சக்கமாக நசுங்கிக் கொடுக்கும், ஆனால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் நீளாது. அதனால் வளைக்கும்போது உள்பக்கம் ஒன்றும் ஆகாது, வெளிப்பக்கம்தான் கிழியும். தோனெட் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து இரண்டு நுனியிலும் இறுகப் பிடித்தார். பட்டை நீளாது, ஆகவே மரமும் நீள முடியாது, மொத்த வளைவும் நசுங்கல் மூலமாகவே நடந்தாக வேண்டும். அப்படியே வார்ப்பிரும்பு அச்சில் கட்டி உலர்த்தினால் வளைவு நின்றுவிடும். ஒரு இரும்புப் பட்டை, அவ்வளவுதான் அந்தக் கண்டுபிடிப்பு!

1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலியில் ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகு, இரண்டு நட்டு. பின்கால் இரண்டும் முதுகு வளைவும் ஒரே நீண்ட கட்டை, கீழே தொடங்கி மேலே வளைந்து மறுபடி கீழே வருகிறது. முதுகுச் சட்டம் தனியாக வந்து சேரும் அந்த மூட்டே போய்விட்டது. மிச்சமிருக்கும் மூட்டுகளில் பசைக்குப் பதில் திருகு, தளர்ந்தால் வீட்டிலேயே முறுக்கிக்கொள்ளலாம். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் போகும். 1930க்குள் 5 கோடி விற்றன என்பது கணக்கு.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராணுவ முகாம்களுக்காகப் பிறந்த ரூர்க்கி நாற்காலி என்று ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. இந்திய ராணுவப் பொறியாளர் படை இருந்த ரூர்க்கியின் பெயர் அதற்கு. கடைசல் கால்களில் கூம்புத் துளை, குறுக்குச் சட்டங்களின் நுனியில் கூம்பு முளை, பசை ஒரு சொட்டுக் கிடையாது, சுற்றிலும் தோல் அல்லது கித்தான். உட்கார்ந்ததும் எடை துணியை இழுக்கும், துணி சட்டங்களை இழுத்துத் துளைக்குள் அழுத்தும். மூட்டு விறைப்பாக இல்லாததால் மேடுபள்ளத் தரையில்கூட நான்கு காலும் தனித்தனியே இடம் பார்த்து ஊன்றிக்கொள்ளும். டென்மார்க்கின் கோரே கிளின்ட் 1933இல் செய்த சஃபாரி நாற்காலி இதன் நேர் வாரிசு.

அப்புறம் இரும்புக் குழாய். மார்சல் புராயர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து 1925இல் குழாய் நாற்காலி செய்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அடுத்த வருஷம் டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் எரிவாயுக் குழாய்களை இணைத்துச் செய்து பார்த்தது: பின்காலே இல்லாத நாற்காலி. குழாய் தரையில் ஓடி, முன்னால் எழுந்து, இருக்கையாக மடங்கி, முதுகாக நிமிர்ந்தது. முதுகும் இருக்கையும் சேரும் இடம் வெறும் ஒரு வளைவு, அங்கே தளர்வதற்கு ஒன்றும் இல்லை. ஸ்டாமுடையது விறைப்பாகவே இருந்தது. மீஸ் வான் டெர் ரோஹே முன்பக்கத்தைப் பெரிய அரைவட்டமாக்கி, குழாய் ஸ்பிரிங்போல் ஆடும்படி செய்தார். இரண்டும் 1927இல் ஸ்டுட்கார்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டன. யாருடைய யோசனை என்று ஜெர்மன் நீதிமன்றம் வரை வழக்கு போய், நேர்கோட்டுப் பின்காலில்லா நாற்காலியின் கலை உரிமை ஸ்டாமுக்குப் போனது.

இரும்பு உடம்புக்குச் சில்லென்று இருக்கிறது என்று பின்லாந்தின் அல்வார் ஆல்டோ மறுபடி மரத்துக்கு வந்தார். பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக 1932 வாக்கில் அவர் செய்த நாற்காலியில் இருக்கையும் முதுகும் ஒரே பிளைவுட் தகடு, நோயாளி சுலபமாக மூச்சு விடும் கோணத்தில் சாய்ந்தது. ஆனால் அவருடைய முக்காலியின் காலைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். நேரான பர்ச் கட்டையின் ஒரு முனையில் மட்டும் நீளவாக்கில் வரிவரியாக ரம்பத்தால் வெட்டுப் போட்டு, ஒவ்வொரு வெட்டிலும் பசை தடவிய மெல்லிய தகடு செருகி, அந்த முனையை 90 பாகை வளைத்தார். கால் கீழே முழுமரம், மேலே அடுக்குமரம். வளைந்த முனை இருக்கையின் அடியில் படுத்துக்கொள்ள, திருகு போட்டால் முடிந்தது. சட்டமே தேவையில்லை.

சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி கதையும் மூட்டுக் கதைதான். இருக்கையும் முதுகும் ஒரே பிளைவுட் ஓடாக வர வேண்டும் என்று பார்த்தார்கள், இரண்டும் சந்திக்கும் மடிப்பில் தகடு விரிந்து கிழிந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்குப் பிளைவுட் கால் சிம்புகள் செய்து கைதேறிய பிறகும், நாற்காலியில் விட்டுக்கொடுத்தார்கள்: இருக்கை தனி, முதுகு தனி, இரண்டையும் முதுகெலும்புபோன்ற ஒரு பட்டையில் ரப்பர் வில்லைகளை ஒட்டி இணைத்தார்கள். சாய்ந்தால் ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நெம்பு விசையை மரம் வாங்காமல் ரப்பர் வாங்கும் இந்த ஏற்பாடு அற்புதமானது, ரப்பர் கெட்டிப்படும் வரை. அந்தக் காலத்து ஈம்ஸ் நாற்காலி வாங்கினால் முதலில் அந்த வில்லைகளைத் தொட்டுப் பாருங்கள். அவர்கள் நினைத்த ஒரே ஓடு 1950இல் கண்ணாடியிழை பிளாஸ்டிக்கில்தான் கைகூடியது.

பிளாஸ்டிக் மூட்டை ஒரேயடியாக ஒழித்துவிட்டது என்று நினைப்போம். வெர்னர் பான்டன் நாற்காலியின் சரித்திரம் வேறு சொல்கிறது. 1967இல் வந்த அந்த எஸ் வளைவில் மூட்டே இல்லை, கால்கூட இல்லை. விசை மட்டும் எங்கே போகும்? கீழ் வளைவில் வந்து குவிந்தது. 1971இல் மலிவான ஒரு பாலிஸ்டைரீன் வகைக்கு மாறி, அடியில் விலாப்பட்டைகள் கொடுத்துச் செய்தார்கள். பொருள் வயதாகி நாற்காலிகள் உடைய, 1979இல் உற்பத்தியே நின்றது. 1983இல் பாலியூரித்தேனில் திரும்பி, பாலிபுரொப்பிலீனில் ஊசிவார்ப்பாக வந்தது 1999இல். ஒரு வளைவுக்கு ஏற்ற பொருளைத் தேடி முப்பது வருஷம்.

இதை எந்த ஆரவாரமும் இல்லாமல் தீர்த்தது உலகமெங்கும் கிடக்கும் அந்தச் சாதாரண ஒற்றைவார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பிரான்ஸின் ஹென்றி மஸோனே 1972இல் கொண்டுவந்த மாதிரி இரண்டு நிமிஷத்துக்குள் ஒன்று வார்க்கும் அளவுக்குப் போனது. அதை அற்பமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காலைத் தொட்டுப் பாருங்கள், சில மில்லிமீட்டர் தகடுதான், ஆனால் மூலையாக மடித்திருப்பதால் நிற்கிறது. முதுகில் விட்ட நீளத் துளைகள் பொருளையும் மிச்சப்படுத்துகின்றன, மழைநீரையும் வடிக்கின்றன. அதன் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: ஒரு கால் கீறினால் முழுதும் குப்பை. மூட்டு இல்லாததைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. ஒற்றைத் துண்டு ஆசனம் புதிதும் அல்ல, கானாவின் அஷாந்தி மக்கள் ஒரே மரத்துண்டில் குடைந்து முக்காலி செய்வது பழைய மரபு. ஆப்பிரிக்காவிலேயே இரண்டு பலகை நாற்காலியும் உண்டு, ஒரு பலகையின் துளைக்குள் இன்னொன்றை நுழைத்தால் உட்காரலாம், உருவினால் தட்டையாகத் தூக்கிக்கொண்டு போகலாம்.

உடம்பின் பக்கமிருந்து வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனியாகவே பேச வேண்டியது. நார்வேயின் பீட்டர் ஒப்ஸ்விக் 1972இல் குழந்தையோடு சேர்ந்து உயரும் டிரிப் டிராப் நாற்காலியையும், 1979இல் முழங்கால் ஊன்றி உட்காரும் ஆசனத்தையும் செய்தார். 1994இல் பில் ஸ்டம்ப், டான் சாட்விக் செய்த ஏரான் அலுவலக நாற்காலி, பஞ்சையே எடுத்துவிட்டு வலையை இழுத்துக் கட்டியது, மூன்று அளவுகளில் வந்தது. இங்கேகூட ஆசனத்தின் கீல் உடம்பின் கீலோடு சேர்ந்து திரும்புவதுதான் வேலையே.

எதிர்வாதமாக ஒன்று. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோ போன்டியின் சூப்பர்லெஜெரா நாற்காலி, 1957, எடை 1.7 கிலோ. மூட்டு முறை பழசு, துளையும் முளையும்தான், கால் 18 மில்லிமீட்டர் முக்கோணக் குறுக்குவெட்டு. புதிய மூட்டு இல்லாமலே அது சிறந்த நாற்காலி, ஏனென்றால் பழைய மூட்டை எவ்வளவு மெலிதாக்கலாம் என்ற எல்லை வரை போனது. நான் சொன்ன அளவுகோலுக்கு அடங்காத நாற்காலி இது, இதற்கு ஒரு தனி இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது. முதல் நாற்காலியாக நாற்காலி செய்யாதீர்கள், மூன்று கால் வைத்த முக்காலி செய்யுங்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, ஆனால் சீக்கிரம் சாயும், அதனால் கால்களை நன்றாக வெளியே விரித்து வையுங்கள். காலுக்கு நார் நேராக ஓடும் கட்டை, நுனியைப் பலகையைவிட உலர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், முளையை மேல்முகம் வரை விட்டு ஆப்பு அடியுங்கள், ஆப்பு பலகை நாருக்குக் குறுக்கே. ஒரு வருஷம் தினமும் உட்கார்ந்துவிட்டு, கவிழ்த்து, எந்தக் கால் அசைகிறது என்று பாருங்கள். முதுகு வைத்த நாற்காலிக்கு அப்புறம் போகலாம்.